நைனாவின் சாவுச் சேதியோடு பாரிவாக்கத்திலிருந்து கோவில்பதாகை வரை

இந்தப் பயணம் நான் போனது தொண்ணூற்று நாலாம் வருஷம், கத்திரி வெயிலில், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று விடியற்காலையில் எங்கள் நைனா இறந்துபோனார். அம்பத்தூரில் வேலை செய்யும் அண்ணனுக்கும், ஆவடிக்கு அந்தப் பக்கம் கோவில்பதாகையில் குடியிருக்கும் அக்காவுக்கும் நேரில் போய்ச் சேதி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் போன் கிடையாது, அவர்கள் வீட்டிலும் கிடையாது. பாரிவாக்கம், ஆவடி, பட்டரவாக்கம், மறுபடி ஆவடி, கோவில்பதாகை, பிறகு வீடு. எல்லாம் சேர்த்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். இப்போது வண்டியில் போகிறவன் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவான். எனக்கு அன்றைக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. அப்படியும் முடிக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "நடுவுல கதை பேசாத, வழிய மட்டும் சொல்லு" என்கிறாள். கதை பேசாமல் எனக்கு வழி சொல்ல வராது. அவசரம் உள்ளவர்கள் கடைசிக்குப் போய்விடுங்கள், அங்கே தேவையானதைச் சொல்லியிருக்கிறேன்.

நைனா பேர் கன்னியப்பன். முதலில் பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். நிலமெல்லாம் மனையாகப் போன பிறகு திருமழிசையில் போல்ட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். கம்பெனி முதலாளி தினமும் ஸ்கூட்டரில் வருவார். தினமும் அவரை நிறுத்தி, வருகிறவர் போகிறவர் கையெழுத்துப் போடும் நோட்டை நீட்டுவார் நைனா. "யோவ், நான்தான்யா ஓனர்" என்று அவர் சொன்னால், "எல்லாத் திருடனும் அப்படித்தான் சார் சொல்றான்" என்பார். அந்த முதலாளி பதினோரு வருஷம் தன் கம்பெனிக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். வேலையை விட்டு மட்டும் அனுப்பவில்லை. நைனாவிடம் யாருக்கும் முழுசாகக் கோபம் வராது. எங்கள் அக்கா ஒருத்தியைத் தவிர.

அன்று காலை ஐந்தே முக்காலுக்கு என் மனைவி காப்பி கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தாள். நைனா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. உள்ளே வந்து என்னிடம் "உங்க நைனா வெளாட்ட ஆரம்பிச்சிட்டாரு" என்றாள். நானும் போய்ப் பார்த்தேன். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்த மாதிரிதான் பட்டது. உள்ளங்காலைச் சுரண்டினேன். "நைனா, காப்பி ஆறுது. வெளாடாத" என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இப்போது சிரிப்பார், இப்போது சிரிப்பார் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். காப்பியில் ஆடை படர்ந்த பிறகுதான் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

சேதி கொண்டுபோகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் முறைகள் உண்டு. வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது, வாசலில் நின்றுதான் சொல்ல வேண்டும். உட்காரக் கூடாது. அந்த வீட்டுத் தண்ணீரில் வாய் நனைக்கக் கூடாது. சொல்லி முடித்ததும் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் திரும்பிவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பெற்ற மகள் வந்து வாய்க்கரிசி போடாமல் அப்பனைத் தூக்க மாட்டார்கள். அப்படித் தூக்கிவிட்டால் அந்த மகளுக்கு அது ஆயுசுக்கும் குறை. கோடை என்பதால் மூன்று மணிக்கு எடுத்துவிடுவது என்று தெருப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதற்குள் நான் அக்காவை அழைத்துவர வேண்டும். அண்ணன் எப்படியும் வந்துவிடுவான். என் பயமெல்லாம் அக்காவைப் பற்றித்தான்.

ஆறு நாற்பதுக்குப் பூந்தமல்லியிலிருந்து வந்த ஆவடி பஸ் கிடைத்தது. ஏழு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். போர்டு படிக்கத் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கண்டக்டர்கள் ஊர்ப் பேரைக் கூவுவார்கள். அன்றைக்கு வந்த கண்டக்டர் நைனாவுக்குப் பழக்கமானவர்.

"இன்னா ஏழுமல, காலங்காத்தால ஆவடி? உங்க நைனா எப்டி கீறாரு?"

"பூட்டாருண்ணா. வெடிகாலைல."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சிரித்தார். "போன மாசம் அவரே வந்து எங்கையில சொன்னாரு. 'நான் செத்து மூணு நாளாவுது, செத்தவனுக்கு இன்னாடா டிக்கெட்டு'ன்னு சீட்ட புட்ச்சிகினு உக்காந்துட்டாரு. பஸ்ஸே சிரிச்சிது."

"இல்லண்ணா. நெஜமாத்தான்."

"சரி சரி. பின்னால போ, லேடீஸ் ஏறணும்."

பின்னால் போய் நின்றேன். அவர் மேல் தப்பில்லை. இந்தச் சாவை நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை செலவு செய்துவிட்டோம். செய்தவன் நான். அதைச் சொல்ல முதலில் செருப்புக் கதைக்குப் போக வேண்டும்.

எண்பத்தஞ்சில் அக்கா மகளுக்குக் காது குத்தல், எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். அறுபது பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். நைனா வாசலில் கிடந்த செருப்புகளில் வலது கால் செருப்பை மட்டும் பொறுக்கினார். எல்லாவற்றையும் கொடிக்கயிற்றில் கோர்த்து, முருங்கை மரத்தில் உயரமாகக் கட்டிவிட்டார். முருங்கை எவ்வளவு தாங்கும்? கிளை முறிந்து அத்தனையும் சாக்கடையில் விழுந்தது. அக்கா புருஷன் தங்கராசு மாமா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருடைய சூப்பர்வைசர் அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்தார். அந்த மனுஷன் ஒற்றைச் செருப்போடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். ஊரே சிரித்தது, மாமா சிரிக்கவில்லை. "உங்கப்பன் ஊட்டு வாசப்படிய இனிமே நீ மிதிக்கக் கூடாது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்காவும் வரவில்லை. பொங்கல் போனது, தீபாவளி போனது. நைனாவுக்குத் தாங்கவில்லை.

எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"டேய் ஏழுமல, கோவில்பதாக போயி நான் பூட்டேன்னு சொல்லு. சாவுன்னா எந்த மாப்ளயும் தடுக்க மாட்டான்."

"அபசகுனமா பேசாத நைனா."

"நான் சாவறது எனக்குத்தான்டா அபசகுனம், உனுக்கு இன்னா? நல்லி எலும்பு வாங்கியாந்து கொயம்பு வெக்கச் சொல்லிக் கீறேன். அவ வந்தா எல்லாருக்கும் சோறு. வரலன்னா உனுக்கு ஒத."

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. வேண்டாம் என்று நான் இன்னும் இரண்டு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பஸ்ஸில் போகும்போதே எப்படி அழுவது என்று முகத்தை வைத்துப் பார்த்தேன். அக்கா வாசலில் நின்று நன்றாகவே அழுதேன். அழுது அழுது தொண்டை வறண்டு, தண்ணீர் கேட்டு, ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன். அக்கா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். பாரிவாக்கத்தில் பஸ் நிற்பதற்கு முன்னால் குதித்தாள். இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அந்தக் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, ஒப்பாரி வைத்தபடியே எங்கள் தெருவுக்குள் ஓடினாள்.

நைனா நாற்காலியில் உட்கார்ந்து நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். "வந்தியா கண்ணு, வா, வா, சூடா கீது" என்றார். பிறகுதான் கையைப் பார்த்தார்.

அக்கா அவரைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினாள். "தண்ணி குடிச்சியேடா. சாவு சொல்ல வந்தவன் தண்ணி குடிப்பானா? அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். அப்புறம் நைனாவிடம், "நீ நெஜமா செத்தாலும் நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கை பிறகு நேராகவில்லை.

அதற்கப்புறம் எட்டு வருஷம், மாதத்துக்கு ஒரு தடவை நைனா வாழைப்பழச் சீப்போடு கோவில்பதாகைக்குப் போவார். அக்கா கதவைத் திறக்க மாட்டாள். பழத்தைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு வருவார். தொண்ணூற்றொன்றில் ஒரு தடவை தன் வலது கால் செருப்பையும் கழற்றி அந்தச் சுவரில் வைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். "இன்னா நைனா இது?" என்று கேட்டேன். "எல்லார்துயும் எடுத்தேன்ல. என்துக்கு மட்டும் இன்னா கிரீடம் வெச்சிக் கீதா" என்றார். அன்றைக்குக் கால் கொப்பளித்துப்போய் இரண்டு நாள் படுத்திருந்தார்.

இவ்வளவும் நினைத்துக்கொண்டுதான் ஏழேகாலுக்கு ஆவடியில் இறங்கினேன். பயணக் கட்டுரை என்பதால் என் தப்பையும் நேரத்தோடு எழுத வேண்டும். கோவில்பதாகை அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். மாமா ஏழரைக்குத்தான் வேலைக்குக் கிளம்புவார். ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்திருந்தால் புருஷன் பெண்டாட்டி இருவரையும் வீட்டிலேயே பார்த்திருப்பேன். மாமா விவரமான ஆள், என் முகத்தைப் பார்த்தே நம்பியிருப்பார். நான் போகவில்லை. முதலில் அண்ணனுக்குச் சொல்லிவிடலாம், அவனுக்கு எட்டு மணிக்கு ஷிப்டு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு ரயில் ஏறினேன். அக்கா முகத்தைப் பார்க்கப் பயம், அதுதான் காரணம்.

ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் இரண்டு ரூபாய். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் தாண்டி நாலாவது ஸ்டேஷன். ஏழு முப்பத்தைந்துக்கு ஏறி ஏழு ஐம்பத்தைந்துக்கு இறங்கினேன். அங்கிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் இருபது நிமிஷ நடை. போய்ச் சேரும்போது எட்டே கால், அண்ணன் உள்ளே போய்விட்டான். அவன் பிரஸ் மெஷினில் நிற்பவன், டீ நேரத்தில்தான் வெளியே விடுவார்கள் என்றார் வாட்ச்மேன். சாவு என்று சொன்னேன். "ஆளு இல்லாம மெஷின் நிக்காதுப்பா, பத்து மணி வரிக்கும் இரு" என்று நிழலில் இடம் காட்டினார். அவர் நைனாவின் நோட்டு மாதிரியே ஒரு நோட்டை நீட்டினார். கையெழுத்துத் தெரியாது என்று பெருவிரலைக் காட்டினேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு அன்றைக்கு முதல் முறையாக அழுகை வந்தது.

பத்து மணிக்கு அண்ணன் கையெல்லாம் ஆயிலோடு வந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பு.

"இன்னாடா, கெயவன் மறுபடியும் செத்துட்டாரா?"

நான் எழுந்து நின்றேன்.

"இந்தத் தபா இன்னா கொயம்பு? வா, டீ குட்ச்சிகினே சொல்லு." எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தான். இரண்டு சொன்னான்.

"எனுக்கு வேணாம்ணா."

"அட, ஒரு வாய் ஊத்திக்க. வெயிலு."

"வேணாம்ணா."

அவன் கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். கிளாஸைப் பெஞ்சியில் வைத்துவிட்டு, ஆயில் கையோடு தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் குந்திவிட்டான். தலையைத் தூக்காமலே, "அக்காக்கு சொன்னியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "ஆவடிய தாண்டித்தானடா வந்த?" என்றான். "நீ போயி அவ கால்ல உயுந்தாவது இட்டாந்துடு. நான் நேரா ஊட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு லீவு சொல்ல உள்ளே ஓடினான்.

அடுத்த ரயில் வர பதினொன்று ஆனது. ஆவடியில் இறங்கும்போது பதினொன்றே கால். கோவில்பதாகைக்கு டவுன் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ரிக்‌ஷாக்காரர்கள் சாப்பாட்டு நேரம் என்று வண்டிக்குள்ளேயே கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். நடந்தேன். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அது என் புத்தியிலேயே இல்லை. வழியில் இரண்டு இடத்தில் அடிபம்பு இருந்தது. இரண்டையும் தாண்டிப் போனேன். அவளிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்ததில், எட்டு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் இப்படித்தானே சொல்லிப் பார்த்தோம் என்று தோன்றியது. அதோடு நிறுத்திவிட்டேன்.

அக்கா வீட்டை அடைந்தபோது பன்னிரண்டு மணி. சுற்றுச்சுவரின் மேல் நைனாவின் செருப்பு இருந்தது. வெயிலில் காய்ந்து, வார் சுருண்டு, கருவாடு மாதிரி கிடந்தது. மூன்று வருஷமாக அதை அவள் தூக்கி எறியவில்லை. வரமாட்டேன் என்று வாயால் சொல்கிறாள், மனசு அப்படியில்லை என்று நினைத்தேன்.

கதவைத் தட்டினேன். திறந்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை நேருக்கு நேர் பார்க்கிறேன். தலை பாதி நரைத்திருந்தது.

"அக்கா, நைனா பூட்டாரு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். வளைந்த அந்த இடது கையால்தான் நீட்டினாள். "வெயில்ல வந்து கீற. குடி" என்றாள்.

எட்டு வருஷம் கழித்து அக்கா எனக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். சுவரில் செருப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கையைத் தட்டிவிட்ட மாதிரி ஆகுமே என்றும் நினைத்தேன். முறையெல்லாம் மறந்துபோனது. இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவள் தண்ணீர் கொடுக்கவில்லை, என்னைச் சோதித்தாள்.

"குடிச்சிட்டியா?" என்றாள். குரல் ஏறவில்லை. "போயி அந்தாளாண்ட சொல்லு. இந்தத் தபா கறி வேணாம்னு."

"ஐயோ அக்கா, நெஜமாக்கா. என் புள்ள மேல சத்தியமா. காலைல காப்பி வெச்சா, எயுந்துக்கல..."

"அன்னிக்கும் சத்தியம்தான் பண்ண. அன்னிக்கி உனுக்கு புள்ள இல்ல, மாரியாத்தா மேல பண்ண."

"அண்ணன் நம்பிட்டான்க்கா. நீ வந்தாத்தான் எடுப்பாங்க. மூணு மணிக்கு..."

"கை ஒண்ணுதான்டா நல்லா கீது எனுக்கு" என்று கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு மணி வரை தட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "யாருப்பா நீ, பொம்பள தனியா கீற ஊட்ல" என்று அதட்டினாள். அவளிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். செருப்புக்காரரைப் பற்றி அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது.

மாமாவிடம் சொல்லிவிட்டால் போதும் என்று தொழிற்சாலை வாசலுக்கு நடந்தேன். மூன்றரை கிலோமீட்டர், ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"டோக்கன் நம்பர் இன்னா?" என்றார் வாசலில் நின்றவர்.

"தெர்லீங்க."

"எந்த ஷாப்பு, எந்தப் பிரிவு?"

"தெர்லீங்க. தங்கராசுன்னு பேரு. மீசை வெச்சி கீறாரு."

"உள்ள கீற தங்கராசே பத்து பேரு தேறும். மீசை வெக்காதவன சொல்லு, கண்டுபுடிச்சித் தரேன்."

நல்ல மனுஷன்தான், வேண்டுமென்று சொல்லவில்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடு, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். எனக்கு எழுத வராது. அவரே கேட்டு எழுதி உள்ளே அனுப்பினார். பதில் வரவில்லை. எதிரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். இரண்டரைக்கு எழுந்து பஸ் பிடித்தேன். பாரிவாக்கத்தில் இறங்கும்போது மூன்றே முக்கால்.

எனக்காக எடுக்காமல் வைத்திருந்தார்கள். அண்ணன் மொட்டை போட்டு ஈர வேட்டியோடு நின்றான். என் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்தான். மொட்டை போட்டவன் தெருவைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் அவனே போயிருப்பான். பக்கத்து வீட்டுக்காரரை மொபெட்டில் அனுப்பினோம். ஐஸ் பாளம் பாதிக்கு மேல் உருகி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு அவர் திரும்பி வந்தார். "உள்ள ஆள் கீது, கதவத் தொறக்கல. 'இன்னும் எத்தினி பேர அனுப்புவாரு'ன்னு ஒரு குரல் மட்டும் வந்துச்சு" என்றார்.

பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். "மகளுக்குப் பதிலா மருமவ போடட்டும்" என்றார்கள். என் மனைவிதான் வாய்க்கரிசி போட்டாள். நைனா உதட்டில் காலையில் நான் பார்த்த சிரிப்பு அப்போதும் இருந்தது. கடைசி வரைக்கும் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் அவர் எழுந்துவிடுவார் என்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

சுடுகாடு எங்கள் தெருவிலிருந்து முக்கால் கிலோமீட்டர். ஆறு மணிக்குள் மண் தள்ளிவிட்டோம். திரும்பி வந்து நான் வாசலில் கால் கழுவும்போது ஆறேகால். ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாமாவும் அக்காவும் இறங்கினார்கள். ஷிப்டு முடிந்து வந்த மாமாவிடம் சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ சொன்னார்களாம், "உன்னத் தேடி ஒருத்தன் வந்து மரத்துல முட்டிகினு அழுதான்" என்று. மாமா யோசித்திருக்கிறார். ஏமாற்ற வந்தவன் ஆளுக்கு எதிரில்தான் அழுவான், ஏமாற்ற வேண்டிய ஆள் இல்லாத இடத்தில் ஏன் அழ வேண்டும் என்று. வீட்டுக்குப் போய் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்.

அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். பிணம் எடுத்த வீட்டைப் பெண்கள் கழுவிவிட்டிருந்தார்கள். கட்டில் இருந்த இடத்திலிருந்து வாசல்படி வரை தரை ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஈரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏண்டா தண்ணி குடிச்ச?" என்றாள்.

மறுநாள் பால் தெளிக்கும்போதும் அக்கா அழவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை, ஆனாலும் போனாள். தன் வீட்டுச் சுவரில் இருந்த நைனாவின் வலது கால் செருப்பைக் கொண்டுபோய் மண் மேட்டின் மேல் வைத்துவிட்டு வந்தாள். இடது செருப்பு எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதைத் தரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அந்த வழி எவ்வளவோ மாறிவிட்டது. பாரிவாக்கத்தில் நிலம் இல்லை. கோவில்பதாகைக்கு ஆட்டோ நிமிஷத்துக்கு ஒன்று ஓடுகிறது. சேதி சொல்ல யாரும் பஸ் ஏறுவதும் இல்லை, போனில் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் சில சேதிகளை நேரில்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் எந்த வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதோ அந்த வீட்டுக்கே முதலில் போங்கள். ஆவடியிலிருந்து வெயிலில் நடக்க வேண்டாம், நடந்தால் வழியிலேயே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிடுங்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்களோ அவர்களின் டோக்கன் நம்பரோ போன் நம்பரோ எதுவோ, மனப்பாடமாக வைத்திருங்கள். எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். சேதி சொல்லப் போன வீட்டில் யார் கொடுத்தாலும், எந்தக் கையால் கொடுத்தாலும், வாய் நனைக்காதீர்கள்.

நைனா காரியம் முடிந்து நாலு மாதம் கழித்து ஒரு நாள் அக்கா வீட்டுக்குச் சும்மா போனேன். வந்தவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் இனிமேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று நான் மனசுக்குள் வைத்திருந்தேன். "வேணாம்க்கா" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "யாருடா?" என்று கேட்டாள். அண்ணனா, அண்ணன் பிள்ளைகளா என்று ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்தாள். யாருமில்லை, யாருமில்லை என்று சொல்லியும் பேர் சொல்வதை நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து இன்று வரை, அக்கா வீட்டு வாசலில் போய் நின்றதும் உள்ளே காலை வைப்பதற்கு முன்னால் நானே தண்ணீர் கேட்டு வாங்கி, அவள் பார்க்கக் குடித்துவிடுகிறேன். சொம்பு காலியாகிற வரைக்கும் அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பிறகுதான் "உள்ள வா" என்பாள்.